சோபாவில் படுக்கும் வேட்டை நாய்: ஜொகூர் வீடுகளில் விப்பெட்

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாய் என்பது வாசலுக்கு உரிய உயிர். படியேறாது, ஏறினால் துடைப்பம் பறக்கும். மிஞ்சிய சோறும் மீன்முள்ளும் நசுங்கிய அலுமினியத் தட்டில் விழும். இரவில் புது ஆள் காலடி கேட்டால் குரைக்க வேண்டும். பால்மரக் காட்டுக்குள் காட்டுப்பன்றி துரத்தப் போனால் கூடவே ஓட வேண்டும். அதற்குமேல் அதனிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. அதுவும் நம்மிடம் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கூலாய், மாசாய், உலு திராம், குளுவாங் பக்கத்துத் தாமான்களுக்குக் குடிவந்த பிறகும் இந்த ஏற்பாடு பெரிதாக மாறவில்லை. லயத்து வாசல் போய்க் கார் நிறுத்தும் போர்ச் வந்தது. நாய் அங்கே சங்கிலியில் கிடக்கிறது.

இந்தப் பழக்கத்தோடு ஒருவர் விப்பெட் வாங்கினால் என்ன ஆகும்? சில ஆண்டுகளாக ஜொகூர் பாருவில் நண்பர் வீடுகளுக்குப் போனால் இந்தப் பேச்சு அடிபடுகிறது. ‘ஹஸ்கி’ வாங்கி ஏர்கான் கட்டணத்தில் நொந்தவர்கள், குட்டை முடி, அமைதி, அளவான உடல் என்று தேடி விப்பெட்டில் வந்து நிற்கிறார்கள். ‘நம்ம ஊர் வெயிலுக்கு ஒத்துவருமா?’ என்பதுதான் எல்லாருக்கும் முதல் கேள்வி. என் கணக்கில் அது நான்காவதோ ஐந்தாவதோ கேள்வி. நாயை வீட்டுக்குள் விட மனம் இருக்கிறதா, பகலில் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்ற இரண்டும்தான் ஜொகூரில் விப்பெட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன.

முதலில் நாயைப் பார்ப்போம். விப்பெட் கிரேஹவுண்டின் சிறு வடிவம். ஆண் நாய் தோள்பட்டை வரை 47 முதல் 51 சென்டிமீட்டர், பெண் 44 முதல் 47. எடை பெரும்பாலும் 10க்கும் 18 கிலோவுக்கும் இடையில். மெலிந்த கால், உள்வாங்கிய வயிறு, ஆழ்ந்த மார்பு. மணிக்கு 55 கிலோமீட்டரை ஒட்டிய வேகம் தொடும். ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும். மோப்பத்தை நம்பாமல் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் அரேபிய சலுக்கியும் உண்டு, நம் சிப்பிப்பாறையும் உண்டு.

இதன் பிறப்பிடம் பிரபுக்களின் மாளிகை என்று நினைத்தால் தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் பஞ்சாலைத் தொழிலாளர்களும் வளர்த்த நாய் இது. குதிரைப் பந்தயத்துக்கு வசதி இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை 200 கஜ தூரத்துக்கு நாய்களை ஓடவிட்டார்கள். எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்று உரிமையாளர் கந்தல் துணியை வீசிக் கூப்பிட, நாய் அதை நோக்கிப் பாய்ந்து வரும். ‘ஏழையின் பந்தயக் குதிரை’ என்ற பட்டப்பெயர் அப்படி வந்தது. அமெரிக்கக் கெனல் கிளப் 1888இல் இந்த இனத்தை ஏற்றது. இங்கிலாந்தின் கெனல் கிளப் அடுத்த சில ஆண்டுகளில் ஏற்றது. 2018இல் பர்மிங்ஹாமில் நடந்த புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் ஒட்டுமொத்தச் சிறந்த நாயாகத் தேர்வானதும் விப்பெட்தான்.

இங்கே ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. அந்த வட இங்கிலாந்துக்காரர்களும் கூலித் தொழிலாளர்கள், நம் பாட்டன்களும் கூலித் தொழிலாளர்கள். அவர்கள் வீடும் வரிசை வீடு, நம் லயமும் வரிசை வீடு. ஆனால் அவர்களுடைய நாய் அடுப்பங்கரையில் படுத்தது, பிள்ளைகளின் போர்வைக்குள் புகுந்தது. குளிர் நாட்டில் நாயின் உடல்சூடும் ஒரு சொத்து. நம் நாய்க்கு அந்தத் தேவை எழவே இல்லை. விப்பெட்டின் குணம் முழுவதும் அந்த அடுப்பங்கரையில் உருவானது. அதை ஜொகூர் போர்ச்சில் சங்கிலியில் கட்டினால், அது வேறு நாயாக மாறிக் காவல் காக்காது. ஒடுங்கிப் போகும்.

காவல் என்று சொன்னேன். அந்த ஆசையோடு வாங்குபவர்கள் தயவுசெய்து வேறு இனம் பார்க்கலாம். விப்பெட் அதிகம் குரைக்காது. கதவைத் தள்ளிக்கொண்டு வருபவரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளும். வீட்டில் நகை போன பிறகு நாயைத் திட்டிப் பயனில்லை.

தமிழர்களுக்கு இந்த உடல்வாகு புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய நாயும், அதன் சகோதரி போன்ற கன்னி நாயும் இதே ஒல்லி இடுப்பு, இதே ஆழ்ந்த மார்பு கொண்டவை. தென் மாவட்டக் கரிசல் காட்டில் முயல் விரட்டியவை. மணப்பெண்ணுக்குச் சீராகக் கன்னி நாய்க்குட்டி கொடுத்த வழக்கத்தை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முயல் வேட்டை குற்றமாகி, இந்த நாய்கள் வேலையிழந்தன. இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றையும் இந்தியாவின் தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் இனங்களாகப் பதிவு செய்த பிறகு மறுபடி மதிப்பு ஏறியிருக்கிறது. 2020 ஆகஸ்டில் இந்தியப் பிரதமரின் வானொலி உரையிலும் இவற்றின் பெயர்கள் அடிபட்டன. மலேசியத் தமிழர் சிலர் ‘அப்படியானால் சிப்பிப்பாறையே வளர்க்கலாமே’ என்கிறார்கள். உடலால் உறவு, மனத்தால் தூரம். சிப்பிப்பாறை ஒரே எஜமானரை நம்பும், புது ஆளைச் சந்தேகிக்கும், திறந்த காட்டை எதிர்பார்க்கும். இருபதடி அகல வரிசை வீட்டில், மாமா மகன், அத்தை மகள் என்று ஆள் வந்து போகும் குடும்பத்தில், விப்பெட்டின் இளகிய சுபாவம்தான் எளிது.

இனி வெயில். ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கிறது. பகலில் 31, 32 டிகிரி, ஆண்டு முழுவதும் கசகசப்பு. விப்பெட்டுக்கு அடிமயிர் கிடையாது, மூக்கு நீளம், உடம்பில் கொழுப்பு குறைவு. ஆகவே மூச்சு முட்டும் பக், புல்டாக் இனங்களைவிடப் பன்மடங்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் நாய் வியர்வையால் குளிர்வதில்லை. மூச்சிரைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கிக் குளிர்கிறது. காற்றே ஈரமாக இருக்கும் நாட்டில் அந்த ஆவி மெதுவாகத்தான் போகும். பந்தயக் கிரேஹவுண்டுகளுக்கு அரை நிமிட ஓட்டத்திலேயே உடல்வெப்பம் 41 டிகிரியைத் தாண்டுவது உண்டு. இயல்பான வெப்பம் 38, 39தான். அதே மாதிரி உடல்தான் இதுவும். எனவே முழு வேக ஓட்டம் என்றால் காலையோ அந்தியோ மட்டும்.

அந்தக் ‘காலை’ ஜொகூரில் ஒரு சிக்கல். 1982 ஜனவரி முதல் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டதால், இங்கே சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கிறது. வேலைக்குப் போகுமுன் நடத்திவர நினைப்பவர் கும்மிருட்டில், தெருநாய்களுக்கு நடுவே நடத்த வேண்டும். மாலை ஏழரை வரை வெளிச்சம் மிஞ்சும். தார்ச்சாலை மட்டும் சூடு தணிந்திருக்காது. புறங்கையை ஐந்தாறு விநாடி தரையில் வைத்துப் பாருங்கள். நம்மால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

வெயிலைவிட ஏர்கான் தொல்லை வேடிக்கையானது. 18 டிகிரியில் வைத்துவிட்டுத் தூங்கும் குடும்பத்தில் விப்பெட் நடுங்கும். நிலநடுக்கோட்டு ஊரில் நாய்க்குச் சட்டை தைத்துப் போடுவதைப் பார்த்து அம்மா சிரிப்பார். சிரித்துக்கொண்டே அவரே பழைய கைலியை மடித்து விரித்துக் கொடுப்பார்.

வெயிலை நேரம் மாற்றிச் சமாளிக்கலாம். லோங்காங்கை அப்படிச் சமாளிக்க முடியாது. தாமான் வீடுகளின் முன்னும் பின்னும் ஓடும் திறந்த கால்வாய்கள் இந்த நாய்க்குப் பெரிய ஆபத்து. விப்பெட்டின் கண்ணில் ஒரு பூனையோ, கால்வாய்க் கரையில் வெயில் காயும் உடும்போ பட்டுவிட்டால், அந்த நொடி முதல் காது கேட்காது. எவ்வளவு பழக்கினாலும் சரி. ஐந்து விநாடியில் எழுபது மீட்டர் போயிருக்கும். நடுவில் மூடி உடைந்த கால்வாய் இருந்தால் பென்சில் போன்ற அந்தக் கால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடித்துச் சண்டை போட்டால் உடும்புக்கும் நாய்க்கும் சேதம். உடும்பு மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள உயிர் என்பதும் நினைவில் இருக்கட்டும். எனவே வேலியிடாத இடத்தில் வார் இல்லாமல் விடவே கூடாது. கழுத்துப் பட்டையும் சாதாரணப் பட்டை ஆகாது. இதன் தலை கழுத்தைவிடப் பெரிதல்ல. பின்னுக்கு இழுத்தால் உருவிக்கொண்டு போய்விடும். இழுத்தால் அளவோடு இறுகும் அகலப் பட்டை வேண்டும்.

வாசல் கதவையும் ஒருமுறை அளந்து பாருங்கள். கம்பிகளுக்கு நடுவே குட்டி விப்பெட் தண்ணீர் மாதிரி நழுவும். தானியங்கிக் கதவு வைத்திருக்கும் வீடுகளில் ஆபத்து இன்னும் கூடுதல்: கார் தெருமுனையில் திரும்பும்போதே பொத்தானை அமுக்குகிறோம், கதவு திறக்கிறது, கார் வருமுன் நாய் வெளியே. உள்ளேயோ வழவழப்பான டைல்ஸ் தரை. அதில் ஓடித் திரும்பும்போது கால் வழுக்கும். வெறும் தரையில் படுத்தால் எலும்பு துருத்தும் முழங்கையில் காய்ப்பு விழும். பாய் போடுங்கள், மெத்தை போடுங்கள். எது போட்டாலும் கடைசியில் அது சோபாவுக்குத்தான் போகும்.

இப்போது இரண்டாவது கேள்வி: பகலில் வீட்டில் ஆள் இருக்கிறார்களா? ஜொகூர் பாருவைச் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான குடும்பங்களில் கணவனோ மனைவியோ, சில வீடுகளில் இருவருமோ, சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். 1924இல் கட்டி முடித்த அந்தக் கடற்பாலத்தைத் தாண்ட விடிகாலை நாலரைக்கே மோட்டார் சைக்கிள் கிளம்பும். வீடு திரும்ப இரவு எட்டு, ஒன்பது. வெள்ளி கணக்கில் இது லாபம். நாய்க் கணக்கில் இது பதினைந்து மணி நேரத்துக்கும் மேலான தனிமை. விப்பெட் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும் என்பது உண்மைதான். ஆனால் யாராவது பக்கத்தில் இருந்தால்தான் அந்தத் தூக்கம். தனியே விட்டால் சிலது கதவைச் சுரண்டும், சிலது ஊளையிடும், சிலது சாப்பாட்டையே தொடாது. துணை இருக்கட்டும் என்று நினைத்து இரண்டாவது விப்பெட் வாங்குகிறார்கள். சில வீடுகளில் உதவுகிறது, சில வீடுகளில் ஊளை இரட்டிப்பாகிறது. தாத்தாவோ பாட்டியோ கூட இருக்கும் வீடு என்றால் கதையே வேறு. மதியம் இரண்டு மணிக்குத் தொலைக்காட்சித் தொடரும், காலடியில் ஒரு விப்பெட்டும்: இருவருக்கும் ஏற்ற வாழ்க்கை.

சிங்கப்பூரில் வாழ்பவர்கள் நாய்க்காகவே இந்தப் பக்கம் வீடு பார்ப்பதும் உண்டு. அங்கே அரசு வீடமைப்பான வீவக அடுக்குமாடியில் பட்டியலிட்ட சிறு இன நாய் ஒன்றுக்கு மட்டுமே அனுமதி. ஆனால் இங்கே காண்டோ வாங்கினால் சட்டம் விட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகள், பிற குடியிருப்பாளர்களுக்குத் தொல்லை தரும் விலங்கை வைத்திருக்கக் கூடாது என்கின்றன. நிர்வாகம் எழுத்தில் அறிவித்தால் மூன்று நாளில் அகற்ற வேண்டும். பல இடங்களில் நிர்வாகமே கூடுதல் விதி போட்டு நாயை முற்றாக மறுக்கிறது. தரை வீடு என்றால் ஜொகூர் பாரு, இஸ்கண்டார் புத்திரி, பாசிர் கூடாங் என்று உங்கள் வீடு எந்த மாநகர் மன்றத்தின் எல்லையில் இருக்கிறதோ அங்கே உரிமம் எடுக்க வேண்டும். வீட்டின் வகையைப் பொறுத்து எத்தனை நாய் என்ற வரம்பும் உண்டு. விதி மன்றத்துக்கு மன்றம் வேறு. கால்நடை மருத்துவச் சேவைத் துறை இறக்குமதிக்குத் தடை விதித்துள்ள பிட் புல், ஜப்பானிய தோசா, அகிடா முதலிய இனங்களின் பட்டியலில் விப்பெட் இல்லை. ரோட்வைலர், டோபர்மன் போன்றவற்றுக்குள்ள கட்டுப்பாடும் இதற்கு இல்லை.

விலங்கு நலச் சட்டம் பற்றி ஒரு வரி. முன்பு நாயைக் கொடுமை செய்தவருக்கு அதிகபட்ச அபராதம் 200 வெள்ளி என்று ஒரு காலம் இருந்தது. 2017 ஜூலையில் நடப்புக்கு வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது குறைந்தது 20,000 வெள்ளி, அதிகம் 1,00,000 வெள்ளி, மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

சட்டத்தைவிட நெருக்கமானது பக்கத்து வீடு. ஜொகூர் தாமானில் ஒரு பக்கம் மலாய்க் குடும்பம், மறு பக்கம் சீனக் குடும்பம் என்பது சாதாரணம். ஷாபியி மரபைப் பின்பற்றும் முஸ்லிம்களுக்கு நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். இது அவர்களுக்கு நம்பிக்கை, நமக்குக் கேலிக்குரியதல்ல. 2014 அக்டோபரில் சமூக ஆர்வலர் சைட் அஸ்மி பெட்டாலிங் ஜெயாவில் முஸ்லிம்கள் நாயைத் தொட்டுப் பழக ஒரு நிகழ்ச்சி நடத்தியபோது வந்தவர்களும் அதிகம், எழுந்த எதிர்ப்பும் அதிகம். விப்பெட் இந்த இடத்தில் அனுகூலமான நாய்: வாடை குறைவு, எச்சில் வடிவதில்லை, இரவில் குரைப்பதில்லை. ஆனால் நட்பு பாராட்டி எல்லாரையும் நக்கப் பார்க்கும். வேலியோரமாக ஒரு தட்டி வைத்துவிடுவதும், நடைபோகும்போது எதிரே ஆள் வந்தால் வாரைக் குட்டையாகப் பிடிப்பதும் போதும். எச்சத்தைப் பொறுக்கப் பை கொண்டுபோக மறப்பவர்களுக்கு எந்த மதத்து அண்டை வீட்டாரும் மன்னிப்பு வழங்கமாட்டார்கள்.

உடல்நலம் பற்றிப் பேசினால் கொசுவும் உண்ணியும்தான் முன்னே வருகின்றன. கொசு இதயப்புழுவைக் கொண்டுவருகிறது. பழுப்பு உண்ணியோ எர்லிக்கியா, பபீசியா போன்ற காய்ச்சல் நோய்களைக் கொண்டுவருகிறது. மாதந்தோறும் தடுப்பு மருந்து தவறக் கூடாது. விப்பெட் வைத்திருப்பவர் கூடுதலாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. உண்ணிக் காய்ச்சலின் முக்கிய அடையாளம் இரத்தத்தில் தட்டணுக்கள் குறைவது. கிரேஹவுண்டு வகை நாய்களுக்கோ இயல்பிலேயே தட்டணுக்கள் சற்றுக் குறைவு, சிவப்பணுக்கள் அதிகம், தைராய்டு அளவும் தாழ்வு. ஆய்வகத்தின் பொது அளவுகோலை மட்டும் பார்த்தால் நலமான நாயை நோயாளி என்று சொல்லிவிடலாம். குட்டி நலமாக இருக்கும்போதே ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்து அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் காய்ச்சல் வரும்போது ஒப்பிட அதுதான் ஆதாரம்.

மயக்க மருந்தும் அப்படித்தான். கொழுப்பு குறைந்த உடலில் பழைய பார்பிட்யூரேட் வகை மருந்துகள் கலைய நேரமெடுக்கும். இன்று பாதுகாப்பான மாற்று மருந்துகள் உண்டு. கருத்தடை அறுவைக்குக் கொண்டுபோகும்போது ‘இது கிரேஹவுண்டு வகை’ என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். விப்பெட்டைப் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் இங்கே அதிகம் இருக்க வாய்ப்பில்லை. அதன் தோல் காகிதம் மாதிரி. தெருநாய் கடித்தாலும் முள்கம்பியில் உரசினாலும் நீளமாகக் கிழியும். பல்லில் காரை படிவது இன்னொரு பலவீனம். வாரத்தில் சில நாளாவது துலக்க வேண்டும். நீண்ட மயிர் கொண்ட கிளை விப்பெட்டில் ஐவர்மெக்டின் மருந்தைத் தாங்காத மரபணு மாற்றம் பரவலாக இருப்பது ஆய்வில் தெரிந்த ஒன்று. மாட்டு மருந்தைக் கண்ணளவில் பிரித்து நாய்க்குப் போடும் தோட்டத்துப் பழக்கம் எந்த நாய்க்கும் வேண்டாம். அந்த நாய்க்கு அறவே வேண்டாம்.

மரபணு என்றதும் 2007இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. தசை வளர்ச்சியை அடக்கும் மயோஸ்டாட்டின் மரபணுவில் சிறு பிழை ஒன்று சில விப்பெட்டுகளில் இருக்கிறது. பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பந்தயத்தில் முந்தும் நாய். இருவரிடமிருந்தும் வந்தால் பயில்வான் போல் தசை திரண்ட, விப்பெட் என்றே நம்ப முடியாத நாய். வேகத்துக்காகவே இணை சேர்த்தால் ஒரு குட்டித்தொகுதியில் எல்லா வகையும் பிறக்கலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு பண்பாட்டுப் போர் நடக்கும். நலமான விப்பெட்டின் கடைசி விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் லேசாகத் தெரிய வேண்டும். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு அத்தையும் ‘பாவம், சோறே போடறதில்லையா?’ என்று கேட்பார், கேட்டதோடு நில்லாமல் தட்டிலிருந்து ஒரு பிடி பிசைந்தும் வைப்பார். அந்தப் பிடியில் கறிக்குழம்பின் வெங்காயமும் பூண்டும் இருக்கும். இரண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. வெந்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். தீபாவளிப் பலகாரத் தட்டில் திராட்சையும் சாக்லெட்டும் நஞ்சு. பட்டாசோ தனிக் கதை. அன்று இரவு மேசைக்கு அடியில் அதற்கு ஓர் இருட்டு மூலை ஒதுக்கி, மின்விசிறியைச் சத்தமாக ஓடவிடுங்கள். சீனப் புத்தாண்டுக்கும் அதே மூலை.

மழைக்காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2006 டிசம்பரில் தொடங்கிய வெள்ளத்தில் கோத்தா திங்கி மூழ்கியதை மறந்தவர் இல்லை. 2023 மார்ச்சில் சிகாமட்டும் பத்து பகாட்டும் தத்தளித்தன. நிவாரண மையமாகும் பள்ளி மண்டபத்தில் நாய்க்கு இடம் கேட்பது எளிதல்ல. தாழ்வான பகுதியில் வாழ்பவர், மேட்டு நிலத்தில் நாயை ஏற்கும் ஓர் உறவினர் வீட்டை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

எங்கே வாங்குவது என்பதுதான் மிஞ்சுகிறது. ஜொகூரில் விப்பெட் அரிது. அரிதான இடத்தில் ஏமாற்றும் எளிது. மலேசியக் கெனல் சங்கத்தின் வம்சாவளிப் பத்திரமும் சிப் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தாய் நாயை நேரில் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இறக்குமதி அனுமதியும் தனிமைப்படுத்தல் விதிகளும் உண்டு. ஒரு வயது கடந்த நாய் கிடைத்தால் முதல் நாய் வளர்ப்பவருக்கு அதுவே மேல். கடித்துக் குதறும் பருவம் முடிந்திருக்கும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றே: தூங்கும்போது தொடாதே, பெயர் சொல்லி எழுப்பு. திடுக்கிட்டு விழிக்கும் நாய் மிக நல்ல நாயாக இருந்தாலும் பல்லைக் காட்டும்.

விப்பெட் 12 முதல் 15 ஆண்டு வாழும். முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்க்கும்போது குட்டி வாங்கினால், அந்தப் பிள்ளை எஸ்பிஎம் தேர்வு எழுதிக் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ படிக்கப் போகும்போதும் நாய் வீட்டில் இருக்கும். பிள்ளைக்காக வாங்கிய நாயைக் கடைசி நான்கைந்து ஆண்டு நடத்திப் போகப்போவது அப்பாவும் அம்மாவும்தான். அந்த வயதில் அதற்கு நடை பாதியாகக் குறைந்திருக்கும். சோபாவில் இடம் மட்டும் அதே அளவு கேட்கும்.